சிமுலேஷன் 22 மில்லிவினாடி என்றது, நேரில் 100ஐத் தாண்டுகிறது: எங்கே கோட்டை விட்டேன்?

#1 நுழைவாயில்

அனைவருக்கும் வணக்கம். பல கணுக்களில் (எந்திரங்களில்) பரவிய ஒரு தரவுச் சேமிப்பு அமைப்புக்கு எத்தனை எந்திரங்கள் வேண்டும் என்று பார்க்க ஒரு சிமுலேஷன் எழுதினேன். அதன் விடையை நம்பித்தான் எங்கள் குழு எண்ணிக்கையை முடிவு செய்தது. இப்போது நேரில் ஓடும்போது கணக்கு உதைக்கிறது.

ஒரே ஒரு கணுவை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். அது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 8 மில்லிவினாடி பிடிக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 100 கோரிக்கைகள் வருகின்றன. ஆகப் பளு, அதாவது கணு வேலையாய் இருக்கும் நேரத்தின் பங்கு, 80 சதவீதம். பைத்தானில் சிம்பை என்ற சிமுலேஷன் நூலகத்தைக் கொண்டு எழுதினேன். மொத்தம் 10 கிளையன்ட்கள் (கோரிக்கை அனுப்பும் நிரல்கள்). ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கையை அனுப்பும், பதில் வரும்வரை காத்திருக்கும், வந்தபின் சராசரியாக 80 மில்லிவினாடி ஓய்ந்துவிட்டு அடுத்ததை அனுப்பும். வேலை நேரம், ஓய்வு நேரம் இரண்டுக்கும் அடுக்குக்குறிப் பரவல் (பெரும்பாலும் குறுகிய, எப்போதாவது நீண்ட நேரங்களைத் தருவது) வைத்தேன்.

சிமுலேஷன் தந்த சராசரித் தாமதம் 22 மில்லிவினாடி. 99ஆவது நூற்றுமானம் (நூறில் 99 கோரிக்கைகள் அதற்குள் முடியும் அளவு) 80ஐ ஒட்டி நின்றது. நேரில் அளந்தால் சராசரியே 100ஐத் தாண்டுகிறது. 99ஆவது நூற்றுமானம் அரை வினாடியைத் தொடுகிறது. நிரலை வரிக்கு வரி மூன்று முறை படித்துவிட்டேன், பிழை அகப்படவில்லை. போதாக்குறைக்கு, சென்ற வாரம் ஒரு நாள் கணு முற்றிலும் திணறிப்போய், கையால் நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. அது ஏன் என்றும் விளங்கவில்லை. வழி சொல்லுங்கள்.

#2 தொடுவானம்

நண்பரே, மனம் நோகச் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உண்மையான எந்திரம் கையில் இருக்கிறது, உண்மையான பளுவும் இருக்கிறது. அதில் அளப்பதை விட்டுவிட்டு, நாமே எழுதிய ஒரு நிரலிடம் போய்க் கேட்பானேன்? நாம் எதை நம்பினோமோ அதைத்தான் அது திருப்பிச் சொல்லும். பதினைந்து ஆண்டுகளாக வலையமைப்பு வேலையில் இருக்கிறேன். சிமுலேஷனை நம்பி வாங்கிய கருவிகள் அலமாரியில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

#3 வரிசைமுறை

தொடுவானம் சொல்வதில் ஒரு பாதி சரி: நம்பியதைத்தான் அது திருப்பிச் சொல்லும். ஆகவே நாம் எதை நம்பினோம் என்று முதலில் பார்ப்போம்.

நுழைவாயில், உங்கள் நிரல் சரியாகவே ஓடுகிறது. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வரும். உங்கள் 10 கிளையன்ட்களும் ஒன்று காத்திருக்கின்றன அல்லது ஓய்ந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கு 22ஐயும் 80ஐயும் கூட்டினால் 102 மில்லிவினாடி. 10ஐ அதனால் வகுத்தால் வினாடிக்கு 98 கோரிக்கைகள். உங்கள் நிரலும் இதற்குப் பக்கத்தில்தான் காட்டியிருக்கும். சரிதானே?

இப்போது இதை யோசியுங்கள். உங்கள் சிமுலேஷனில் வரிசை எவ்வளவு நீளமாக முடியும்? பத்துப் பேருக்கு மேல் நிற்கவே முடியாது. சர்வர், அதாவது உங்கள் கணு, மெதுவானால் கிளையன்ட்களும் பொறுமையாகக் காத்திருந்து அடுத்த கோரிக்கையைத் தள்ளிப்போடுகின்றன. சர்வருக்கு மூச்சுமுட்டும் நேரத்தில் பளு தானாகவே குறைந்துவிடுகிறது. இதற்கு மூடிய மாதிரி என்று பெயர். நேரில் அப்படியா நடக்கிறது? கோரிக்கை அனுப்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒருவருக்குப் பதில் வரவில்லை என்பது மற்றவருக்குத் தெரியாது. வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அது திறந்த மாதிரி. 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங், அழைப்புகள் ஒன்றையொன்று அறியாமல் வருகின்றன என்று எடுத்துக்கொண்டதும் இதனால்தான்.

திறந்த மாதிரியில் மற்ற எல்லாம் அப்படியே இருக்கட்டும். சூத்திரம் சொல்லும் சராசரித் தாமதம்: 8ஐ 0.2ஆல் வகுத்தால் 40 மில்லிவினாடி. 22 அன்று. அந்த 0.2 என்பது சர்வர் சும்மா இருக்கும் பங்கு. பளு 90 சதவீதமானால் அது 0.1, தாமதம் 80. பளு 95 ஆனால் 160. முதலில் வருகையை மாற்றி ஓட்டிப் பாருங்கள். 40 வரவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம்; விடை தெரிந்த கணக்கில் தேறாத நிரலை விடை தெரியாத கணக்குக்கு அனுப்பக் கூடாது.

#4 செவ்வந்தி

வரிசைமுறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 8 மில்லிவினாடி என்று எங்கிருந்து எடுத்தீர்கள்? பதிவேட்டிலிருந்து சராசரியை மட்டும் எடுத்திருந்தால் பாதிச் செய்தியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். வேலை நேரங்களைப் பட்டை வரைபடமாக வரைந்து இங்கே போடுங்கள். சராசரி வேண்டாம், உருவம் வேண்டும்.

அளக்கும் கருவியும் மூடிய மாதிரியாக இருக்கக் கூடும், கவனம். பல பளுச் சோதனைக் கருவிகள் ஒரு பதில் வந்தபிறகே அடுத்த கோரிக்கையை அனுப்புகின்றன. சர்வர் ஒரு வினாடி உறைந்து நின்றால், அந்த ஒரு வினாடியில் அனுப்பியிருக்க வேண்டிய நூறு கோரிக்கைகள் அனுப்பப்படுவதே இல்லை. கணக்கில் ஒரே ஒரு மோசமான எண் ஏறும். மீதி 99 பேர் பட்டிருக்கும் பாடு எங்கும் பதிவாகாது. தொடுவானம் அண்ணா, நேரில் அளந்தாலும் இதே குழியில் விழலாம் என்பதால்தான் சொல்கிறேன்.

#5 நுழைவாயில்

ஐயா, நன்றி. வருகையைத் திறந்த மாதிரியாக மாற்றினேன். 39.7 வந்தது. மூடிய மாதிரியில் வினாடிக்கு 98 கோரிக்கைகள் என்பதும் அச்சாகப் பொருந்துகிறது. இத்தனை நாள் என் கிளையன்ட்களின் பொறுமையைத்தான் அளந்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

ஆனால் 40 எங்கே, 100 எங்கே? செவ்வந்தி கேட்ட வரைபடத்தை வரைந்தேன். பார்த்ததும் திகைத்துப்போனேன். ஒரு குன்று இருக்கும் என்று நினைத்த இடத்தில் இரண்டு இருக்கின்றன. 95 சதவீதக் கோரிக்கைகள் 4 மில்லிவினாடியை ஒட்டி முடிந்துவிடுகின்றன. மீதி 5 சதவீதம் 84ஐ ஒட்டி நிற்கின்றன. பின்னணியில் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலை நடக்கும்போது சிக்கிக்கொண்ட கோரிக்கைகள் அவை. நான் எடுத்த 8 மில்லிவினாடியில் முடிந்த கோரிக்கை என்று ஒன்றுகூட இல்லை!

#6 வரிசைமுறை

அந்த வரைபடம்தான் விடை. கையாலேயே போட்டுப் பார்ப்போம்.

சராசரி: 0.95ஐ 4ஆல் பெருக்கினால் 3.8; 0.05ஐ 84ஆல் பெருக்கினால் 4.2, கூட்டினால் 8. நீங்கள் எடுத்த எண் சரியானதே. இப்போது அந்த 4.2ஐப் பாருங்கள். எண்ணிக்கையில் 5 சதவீதம் இருக்கும் நீண்ட கோரிக்கைகள், சர்வரின் உழைப்பு நேரத்தில் பாதிக்கு மேல் தின்கின்றன. அதாவது, புதிதாக வரும் ஒரு கோரிக்கை சர்வர் வேலையாய் இருக்கும்போது வந்தால், பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பில் அது ஒரு நீண்ட கோரிக்கையின் பின்னால்தான் மாட்டும். மாட்டினால் அது முடியவே சராசரியாக 42 மில்லிவினாடி காக்க வேண்டும். அதற்குள் நான்கு பேர் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள்.

1930இல் போலாசெக், 1932இல் கின்சின் என்று இருவர் தனித்தனியே கண்ட சூத்திரம் இதைத்தான் கணக்காக்குகிறது. காத்திருப்பு நேரம் வேலை நேரத்தின் சராசரியைப் பொறுத்தது மட்டுமன்று. வேலை நேரத்தின் வர்க்கத்தினுடைய சராசரியையும் பொறுத்தது. உங்கள் தரவில் அது 0.95 பெருக்கல் 16, கூட்டல் 0.05 பெருக்கல் 7056, ஆக 368. மில்லிவினாடிக்கு 0.1 வருகை என்பதால் அதைப் பெருக்கி, 0.2இன் இருமடங்கான 0.4ஆல் வகுத்தால் காத்திருப்பு 92. வேலை நேரம் 8ஐச் சேர்த்தால் 100 மில்லிவினாடி.

எல்லாக் கோரிக்கைகளும் மிகச் சரியாக 8 மில்லிவினாடி எடுத்திருந்தால் 24. அடுக்குக்குறிப் பரவலாக இருந்தால் 40. உங்கள் தரவில் 100. மூன்றிலும் சராசரி வேலை நேரம் ஒன்றே, பளு ஒன்றே. "80 சதவீதப் பளுவில் தாமதம் எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், வேலை நேரத்தின் உருவம் தெரியாமல் வாய் திறக்காதீர்கள்.

#7 மணல்கடிகை

நிரல் எழுதும் பக்கத்திலிருந்து சில சொற்கள். சிமுலேஷன் இயந்திரங்களைச் செதுக்குவதுதான் என் அன்றாட வேலை, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

39.7 என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஓட்டங்களின் சராசரி அது? ஒரே ஓட்டத்தில் பத்து லட்சம் கோரிக்கைகளை ஓட்டினாலும் அவை பத்து லட்சம் தனிச் சான்றுகள் ஆகா. முன்னால் நின்றவர் நெடுநேரம் காத்திருந்தால் பின்னால் நின்றவரும் காத்திருப்பார். அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே போகும். ஆகவே வெவ்வேறு விதை எண்களோடு (சமவாய்ப்பு எண் தொடரைத் தொடங்கிவைக்கும் எண்கள்) பத்து ஓட்டங்கள் ஓட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் தொடக்கப் பகுதியை வெட்டி எறியுங்கள். வரிசை காலியாகத் தொடங்குவதால் அந்தப் பகுதி எப்போதும் நல்ல செய்தியாகவே சொல்லும். மிஞ்சிய பத்துச் சராசரிகளின் திட்டவிலக்கத்தை 10இன் வர்க்கமூலத்தால் வகுத்து, 2.26ஆல் பெருக்கினால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியின், அதாவது உண்மையான சராசரி அடங்கும் என்று நம்பத்தக்க எல்லையின், பாதி அகலம் கிடைக்கும். அந்த அகலத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் நான் படிப்பதையே நிறுத்திவிடுவேன்.

வருகைக்கு ஒரு சமவாய்ப்பு எண் தொடர், வேலை நேரத்துக்கு இன்னொரு தொடர் என்று பிரித்து வையுங்கள். அப்போதுதான் இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே வருகைகளைக் கொடுக்க முடியும். ஒரே தொடரிலிருந்து எல்லாவற்றையும் உருவினால், ஒரு வரியை மாற்றியதும் மொத்த உலகமும் மாறிவிடும். வேறுபாடு வடிவமைப்பால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

சமவாய்ப்பு அறவே இல்லாத இடமும் ஆபத்துதான். 1990களின் தொடக்கத்தில் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் காட்டியது இது. இரண்டு இணைப்புகள் ஒரே ரவுட்டரைப் பகிர்கின்றன. ரவுட்டரின் தாங்கிடம் (பொட்டலங்கள், அதாவது தரவின் சிறு துண்டுகள், காத்திருக்கும் இடம்) நிரம்பியிருக்கிறது. குறித்த இடைவெளியில் ஒரு பொட்டலம் வெளியேறுகிறது, ஓர் இடம் காலியாகிறது. அந்தக் கணத்தை ஒட்டி எந்த இணைப்பின் பொட்டலம் வருகிறதோ அதற்கே இடம்; இன்னொன்று சற்றுப் பிந்தி வந்து கைவிடப்படுகிறது. சிமுலேஷனில் எல்லா நேரங்களும் துல்லியமாக இருப்பதால் அடுத்த முறையும் அதே வரிசை, அதற்கடுத்த முறையும் அதே வரிசை. ஓர் இணைப்பு கொழிக்கிறது, மற்றது பட்டினி கிடக்கிறது. கம்பியின் தாமதத்தை இம்மியளவு மாற்றினால் வென்றவர் தோற்கிறார். இதைப் பார்த்து "இந்த நெறிமுறை அநீதியானது" என்று முடிவு கட்டினால் எவ்வளவு பெரிய பிழை! ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மிகச் சிறிய சமவாய்ப்புத் தாமதம் ஒன்றைச் சேர்த்ததும் அந்தத் தோற்றம் மறைந்துவிட்டது. ஒரே நேரமுத்திரையோடு இரண்டு நிகழ்வுகள் பட்டியலில் நின்றால் எது முதலில் என்பதையும் நீங்களே விதி வைத்து முடிவு செய்யுங்கள். தரவமைப்பின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

உங்கள் நிரலைச் சோதிக்க இன்னொரு கருவியும் உண்டு. 1952இல் லிண்ட்லி எழுதிய சமன்பாடு: அடுத்தவரின் காத்திருப்பு என்பது, முன்னவரின் காத்திருப்போடு அவருடைய வேலை நேரத்தைக் கூட்டி, இருவர் வருகைக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தது, எதிர்மமாக வந்தால் பூச்சியம். நான்கு வரியில் எழுதிவிடலாம். அதே எண் தொடர்களைக் கொடுத்தால் உங்கள் சிம்பை நிரலும் அதுவும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒத்துப்போக வேண்டும்.

#8 தொடுவானம்

நல்ல உரையாடல் இது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஐயம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சூத்திரமே 100 என்று சொல்லிவிட்டது. அப்படியானால் சிமுலேஷன் எதற்கு?

அந்தச் சூத்திரத்துக்கும் அடியில் பாய்சான் வருகை, அதாவது கோரிக்கைகள் ஒன்றையொன்று அறியாமல் தற்செயலாக வருகின்றன என்ற ஊகம் இருக்கிறது. பெல்கோர் என்ற தொலைபேசி ஆய்வு நிறுவனத்தில் 1989 முதல் 1992 வரை ஈதர்நெட் (உள்ளூர் வலையமைப்பு) போக்குவரத்தை அளந்த லேலண்டும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஊகத்தை உடைத்தார்களே! பாய்சான் போக்குவரத்தை ஒரு வினாடியாகவும் ஒரு நிமிடமாகவும் கூட்டிப் பார்த்தால் மேடுபள்ளம் சமனாகிக்கொண்டே போக வேண்டும். அவர்கள் அளந்ததில் எந்த அளவுகோலில் பார்த்தாலும் அதே கரடுமுரடு. ஒரு குவியல் வந்தால் அது குவியல்களின் குவியலாக வருகிறது. இதை எந்தச் சிமுலேஷன் தாங்கும்?

#9 செவ்வந்தி

அண்ணா, இரண்டு கேள்விக்கும் விடை சொல்லிப் பார்க்கிறேன்.

பாய்சான் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று 1995இல் பேக்ஸனும் ஃபிளாய்டும் பிரித்துக் காட்டினார்கள். மனிதர்கள் ஓர் அமர்வைத் தொடங்கும் நேரங்கள், மணிக்கு மணி மாறும் வீதத்தோடு, பாய்சானுக்கு நன்றாகவே ஒத்துப்போயின. அமர்வுக்குள் ஓடும் பொட்டலங்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே நுழைவாயிலின் கோரிக்கைகள் எந்த வகை என்பதுதான் கேள்வி. ஐயம் இருந்தால் பதிவேட்டிலிருக்கும் வருகை நேரங்களை அப்படியே சிமுலேஷனுக்குள் ஊட்டி ஓட்டலாம். சூத்திரத்துக்கு அந்த வசதி இல்லை.

சிமுலேஷன் எதற்கு என்று கேட்டீர்கள். சூத்திரம் ஒருவழிப் பாதை: பளு தாமதத்தை உண்டாக்குகிறது. தாமதம் திரும்பிப் பளுவை உண்டாக்கத் தொடங்கும் இடத்தில் அது கைவிட்டுவிடுகிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணையம் எப்படி நெரிந்தது என்று 1988இல் ஜேக்கப்சன் எழுதினார். சில நூறு மீட்டர் தூரம். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போயிற்று. பொட்டலம் தாமதமானதும் தொலைந்தது என்று எண்ணி மீண்டும் அனுப்பின எந்திரங்கள். மீண்டும் அனுப்பியதே நெரிசலைக் கூட்டியது.

நுழைவாயில், உங்கள் கிளையன்ட்கள் பதில் வராவிட்டால் என்ன செய்கின்றன? சென்ற வாரம் கணு திணறியது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு முன்னால் என்ன நடந்தது?

#10 நுழைவாயில்

கேட்ட பிறகுதான் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வினாடிக்குள் பதில் வராவிட்டால் மறுமுயற்சி. இப்படி மூன்று முறை. இது என் சிமுலேஷனில் இல்லவே இல்லை. அன்று நடந்தது: ஒரு பக்கத்துக் கணு நின்றுபோய், அதன் பளுவும் எங்கள் கணுவின் மேல் 30 வினாடி விழுந்தது. பிறகு அது எழுந்துவிட்டது. எங்கள் கணு மட்டும் எழவில்லை.

மறுமுயற்சியைச் சேர்த்தேன். 60ஆவது வினாடியிலிருந்து 90ஆவது வினாடிவரை வருகையை 200 ஆக்கினேன். மறுமுயற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டேன்: சர்வர் வினாடிக்கு 125 முடிக்கும், 75 தேங்கும், 30 வினாடியில் 2,250. பிறகு வருகை 100க்குத் திரும்பியதும் வினாடிக்கு 25 வீதம் வடிந்து 90 வினாடியில் சரியாகிவிடும். மறுமுயற்சி இல்லாத ஓட்டம் அப்படியே செய்தது.

மறுமுயற்சியோடு ஓட்டியபோது வரிசை வடியவே இல்லை. மூன்று நிமிடம் கழித்தும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு கோரிக்கையைப் பின்தொடர்ந்து பார்த்தேன். 72.3ஆவது வினாடியில் வந்தது. 73.3இல் பொறுமை இழந்து இரண்டாம் பிரதி, 74.3இல் மூன்றாவது, 75.3இல் நான்காவது. 76.3இல் கிளையன்ட் கைவிட்டுப் போய்விட்டது. அதன் முதல் பிரதி சர்வரின் கைக்கு வந்தபோது மணி 121ஐ எட்டியிருந்தது. யாருமே கேட்காத பதிலைச் சர்வர் உழைத்துத் தயாரித்தது. பிறகு அதே பதிலை இன்னும் மூன்று முறை தயாரித்தது. அந்த நேரத்தில் பளு 100 சதவீதம், பயன் பூச்சியம். எங்கள் கண்காணிப்புத் திரை அன்று "கணு மும்முரமாக வேலை செய்கிறது" என்று பச்சையாகக் காட்டியது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது.

#11 வரிசைமுறை

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். வினாடிக்கு 100 வருகை, 125 கொள்ளளவு. நான்கில் ஒரு கோரிக்கை ஒரே ஒரு முறை மறுமுயற்சி செய்தாலே கொள்ளளவு தீர்ந்துவிடும். எல்லாரும் மூன்று முறை மறுமுயற்சி செய்தால் 400. இதிலிருந்து தானாக மீள வழியே இல்லை.

#12 செவ்வந்தி

தூண்டிய காரணம் நீங்கிய பிறகும் தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு நீடிக்கும் இந்தச் சீர்கேட்டை 2021 முதல் மெட்டாஸ்டேபிள் தோல்வி என்ற பெயரில் ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். பெயர் புதிது, நோய் பழையது.

மூன்று மருந்துகளைச் சிமுலேஷனில் தனித்தனியே முயன்று பாருங்கள். வரிசையின் தலைக்கு வந்த கோரிக்கை ஒரு வினாடிக்கு மேல் பழையதாக இருந்தால் வேலை செய்யாமல் எறிந்துவிடுவது ஒன்று. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் வீண் உழைப்பை அடியோடு வெட்டுகிறது. இரண்டாவது, மறுமுயற்சிகள் மொத்தக் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கிளையன்ட் பக்கத்தில் உச்சவரம்பு. மூன்றாவது, மறுமுயற்சிக்கு முன் இருமடங்காக வளரும் சமவாய்ப்பு இடைவெளி; ஈதர்நெட் பிறந்த 1970களிலேயே வந்த உத்தி. ஆனால் இடைவெளி மட்டும் போதாது என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும்போது, ஒருவரைத் தாமதப்படுத்துவது மொத்தப் பளுவைக் குறைக்காது, தள்ளித்தான் போடும்.

#13 ஈரடுக்கு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நுழைவாயிலின் பதிவில் ஓர் இடம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது, அதனால் எழுதுகிறேன்.

72.3இல் வந்த கோரிக்கை 121இல் நிறைவேறியது என்கிறீர்கள். அது படிக்கும் கோரிக்கையா, எழுதும் கோரிக்கையா? எழுதும் கோரிக்கையாக இருந்தால் இப்படி யோசியுங்கள்: கைவிட்டுப்போன பயனர் 100ஆவது வினாடியில் வேறு கணு வழியாகப் புதிய மதிப்பை எழுதி வெற்றியும் பெற்றுவிடுகிறார். 121இல் பழைய பிரதி உயிர்பெற்று வந்து அந்தப் புதிய மதிப்பின் மேல் பழையதை எழுதிவிடுகிறது. தாமதம் அன்று இது, தரவு இழப்பு. உங்கள் சிமுலேஷனில் கோரிக்கைக்கு நேரம் மட்டும்தான் இருக்கிறது, உள்ளடக்கம் இல்லை. ஆகவே எத்தனை கோடி முறை ஓட்டினாலும் இந்தப் பிழை கண்ணில் படாது.

இந்த வகைப் பிழைக்குச் சராசரியும் நம்பிக்கை இடைவெளியும் உதவா. நிகழக்கூடிய எல்லா வரிசைமாற்றங்களையும் ஒரு சிறிய மாதிரியில் முழுமையாகத் தேடும் மாதிரிச் சரிபார்ப்பு வேண்டும். இரண்டு கிளையன்ட், இரண்டு கணு, ஒரே ஒரு மதிப்பு போதும். கணுக்களை ஒரு வளையமாகக் கோத்துத் தரவைத் தேடும், 2001இல் வெளியான கோர்ட் நெறிமுறை எவ்வளவு புகழ்பெற்றது! அதன் சரித்தன்மைக்கு நிறுவல்களும் எழுதப்பட்டிருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு பமேலா ஸேவ் அலாய் என்ற மாதிரி எழுதும் மொழியில் சிறிய மாதிரி ஒன்றை எழுதி, வெளியிட்ட வடிவில் அது சரியன்று என்று காட்டினார். கணுக்கள் சேர்வதும் விழுவதும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் வளையம் உடைந்து தானாகச் சேராது.

#14 மணல்கடிகை

ஈரடுக்கு சொன்னதை வழிமொழிகிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு: உண்மையான நிரலையே சிமுலேட்டருக்குள் ஓட்டுவது. கடிகாரம், வலையமைப்பு, வட்டு மூன்றையும் போலியாக்கி, எல்லாத் தற்செயலையும் ஒரே விதை எண்ணிலிருந்து எடுக்க வேண்டும். ஃபவுண்டேஷன்டிபி என்ற தரவுத்தள அமைப்பை உருவாக்கியவர்கள் இப்படித்தான் சோதித்தார்கள். இரவெல்லாம் விதை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டலாம். எந்த விதையில் உடைந்ததோ அதே விதையைக் கொடுத்தால் காலையில் அதே இடத்தில் அப்படியே மீண்டும் உடையும். இங்கு மட்டும் நான் மேலே சொன்ன விதி தலைகீழ்: ஓட்டம் முழுவதும் ஒரே விதைக்குக் கட்டுப்பட வேண்டும்.

#15 தொடுவானம்

என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வீழ்ச்சியை நேரில் வரவழைத்துப் பார்க்க எந்த நிர்வாகமும் விடாது. அதைச் சிமுலேஷனில் பார்த்தது பெரிய உதவி. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். இதுவரை எல்லாமே நடந்து முடிந்ததை விளக்கியவை. நடந்ததற்கு ஏற்ப எண்களைத் திருகினால் எந்த மாதிரியும் பொருந்தும். நடக்காததை ஒருமுறை முன்கூட்டிச் சொல்லட்டும், அப்போது நம்புகிறேன்.

ஆள்நடமாட்டம் குறைந்த நேரத்தில், மறுமுயற்சியை அணைத்துவிட்டு, ஒரு கணுவை 90 சதவீதப் பளுவில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன்பே உங்கள் எண்ணை இங்கே எழுதிவையுங்கள்.

#16 நுழைவாயில்

சரி. வினாடிக்கு 112.5 வருகை. ஐயாவின் சூத்திரப்படி காத்திருப்பு 207, மொத்தம் 215 மில்லிவினாடி. சிமுலேஷன், தொடக்கத்தை வெட்டிய பத்து ஓட்டங்களில், 212. கூட்டல் கழித்தல் 7. லிண்ட்லி சமன்பாட்டோடும் கோரிக்கைக்குக் கோரிக்கை ஒத்துப்போகிறது. இன்றிரவு ஓட்டுகிறோம்.

#17 நுழைவாயில்

ஓட்டி முடித்தோம். நேரில் வந்த சராசரி 268.

வருகை நேரங்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அப்படியே ஊட்டிப் பார்த்தேன், 219தான் வந்தது. ஆகவே குறை வருகையில் இல்லை. வேலை நேரங்களை வந்த வரிசையிலேயே அச்சிட்டுப் பார்த்தபோது பிடிபட்டது. என் சிமுலேஷனில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே நாணயம் சுண்டி, 5 சதவீத வாய்ப்பில் 84 கொடுத்திருந்தேன். நேரில் அந்த 84கள் தனித்தனியே வருவதில்லை. கோப்புச் சேர்ப்பு ஓடும் நேரத்தில் இரண்டும் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. வரைபடத்தின் உருவத்தை மட்டும் பார்த்தேன், வரிசையைப் பார்க்கவில்லை.

கோப்புச் சேர்ப்பைத் தனி நிகழ்வாகவே எழுதத் தொடங்கியிருக்கிறேன்: எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் வட்டைப் பிடித்துக்கொள்கிறது, எழுதும் கோரிக்கைகள் கூடினால் அதுவும் கூடுகிறதா என்று. ஈரடுக்கு கேட்டதற்கு விடை: ஆம், அவற்றில் எழுதும் கோரிக்கைகளும் உண்டு, எது புதியது என்று காட்டும் பதிப்பு எண் எதுவும் வைக்கவில்லை. மாலையில் குழுவிடம் சொன்னேன். அதைச் சரிசெய்யும்வரை எழுதும் கோரிக்கைகளுக்கு மறுமுயற்சியை நிறுத்திவைத்திருக்கிறோம். தொடுவானம் அண்ணா, அடுத்த சோதனை 85 சதவீதப் பளுவில். புதிய மாதிரி தயாரானதும், ஓட்டுவதற்கு முன்பே எண்ணை இங்கே எழுதுகிறேன்.